மனச்சிதைவு நோய்க்கு ஆரம்பத்திலேயே சிகிச்சை: எங்கள் ஊரில் கேட்கும் கேள்விகள்

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் பிறந்தவள். அரசாங்கத் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் தம்பிக்கு 1987-இல் மனச்சிதைவு நோய் தொடங்கியது. அப்போது அவனுக்கு வயது 19. முதல் மாத்திரை அவன் வாய்க்குள் போனபோது வயது 22. நடுவில் போன அந்த மூன்று வருடம் என்னை இன்றுவரை விடவில்லை. அதனால்தான் இந்த நோய்க்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்குவதைப் பற்றி உலகில் நடந்த ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படித்தேன். கோயில் அன்னதானத்திலும் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் என்னை ஓரமாக அழைத்துப் போய் மெதுவான குரலில் கேட்பவர்கள் பலர். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

மனச்சிதைவு என்றால் பைத்தியம்தானே அக்கா?

அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டால், அடுத்து எல்லோரும் ஒளித்து வைக்கத்தான் பார்ப்பார்கள்.

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, மூளையின் வேலையில் ஏற்படும் ஒரு நோய். எது முக்கியம், எது சும்மா கடந்து போகிற விஷயம் என்று பிரித்துக் காட்டுவதில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தாறுமாறாகச் சுரக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்கூடத் தனக்கு ஏதோ சைகை காட்டுகிறார் என்று தோன்றும். ஆள் இல்லாமல் குரல் கேட்கும். அந்தக் குரல் அவர்களுக்கு, நான் இப்போது உங்களிடம் பேசுவதைப் போலவே தெளிவாகக் கேட்கிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பேச்சு குறையும், ஆசை குறையும், குளிக்கக்கூட எழ முடியாது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

உலகில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒருவர். ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தை மனதில் நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை என்று புரியும்.

வயசுப் பையன், ஏதோ காதல் விஷயம் என்று நினைத்தோம். எப்படித்தான் கண்டுபிடிப்பது?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆண்களுக்கு இது பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளி வரும். பையன் படிப்பை முடித்து, வேலை தேடி, யாரையாவது விரும்பி, வீட்டில் சண்டை போடுகிற வயசும் அதுதான். அதனால் குழப்பம் வருவது இயல்பு.

என் தம்பி எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு அப்பாவோடு பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தான். முதலில் தூக்கம் போனது. பிறகு கூட்டாளிகள் வந்தால் வெளியே வரமாட்டான். அப்புறம் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவனின் காதுகளில் ஏதோ கறுப்பாக அடைத்திருந்தது. அம்மா பயந்துபோய்ப் பார்த்தால் ஒட்டுப்பால். மரத்தில் வெட்டிய கோட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்து உருட்டி, இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு வந்திருக்கிறான். "மரத்துக்கு மரம் பேசுதும்மா" என்றான். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நான் தேங்காய் எண்ணெய் விட்டு, ஹேர்பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்தேன். நான் அப்போது தாதிப் பயிற்சியில் இருந்தவள். படித்துக்கொண்டிருந்த எனக்கே அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. "வேலை பிடிக்கலடா உனக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது மாற்றத்தை. நேற்றுவரை இருந்த பிள்ளை இன்று வேறு மாதிரி. இரவும் பகலும் புரண்டுபோன தூக்கம், தனியாகப் பேசிச் சிரிப்பது, சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்ற சந்தேகம், தொலைக்காட்சியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது, காரணமில்லாமல் படிப்பிலோ வேலையிலோ விழுந்துபோவது. ஒன்றை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து சில வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நல்லதுதானே.

சீக்கிரம் போனால் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? எப்படியும் தீராத நோய்தானே?

என்னிடம் வரும் கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் அறிகுறி தெளிவாகத் தெரிந்த நாளுக்கும் சரியான சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையில் கழிந்த காலத்தை ஆராய்ச்சியாளர்கள் தனியாக அளக்கிறார்கள். 'சிகிச்சையில்லாக் காலம்' என்று வைத்துக்கொள்வோம். 1986-இல் இங்கிலாந்தில் நோர்த்விக் பார்க் மருத்துவமனைக் குழு, முதல்முறையாக நோய் வந்த 253 பேரைப் பற்றி எழுதியது. சிகிச்சைக்கு முன் ஓராண்டுக்கு மேல் கழிந்துவிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகம் என்று அதில் இருந்தது. என் தம்பிக்கு நோய் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே இது அச்சில் வந்துவிட்டது. 1992-இல் மெல்பர்னில் பேட்ரிக் மெக்கோரி என்ற மருத்துவர், இளைஞர்களுக்கென்றே தனிச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினார். அதைப் பார்த்துத்தான் மற்ற நாடுகளிலும் இப்படிப்பட்ட மையங்கள் வந்தன.

எனக்கு ரொம்பவும் பிடித்தது நோர்வேயில் நடந்தது. ரோகலான்ட் என்ற வட்டாரத்தில் 1997 முதல் ஒரு முயற்சி எடுத்தார்கள். பத்திரிகை, வானொலி, சினிமா கொட்டகை என்று எல்லா இடத்திலும் இந்த நோயின் அறிகுறிகளை விளம்பரம் செய்தார்கள். வீடு வீடாகச் சிறு புத்தகம் போனது. ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் போன் செய்தால் வந்து பார்க்க ஒரு குழு தயாராக இருந்தது. அதற்கு முன் அந்த ஊரில் சிகிச்சையில்லாக் காலம் நடுத்தரமாக, அதாவது பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப்பேருக்கு அதிகம் என்ற கணக்கில், 26 வாரம். விளம்பரம் நடந்த காலத்தில் அது 5 வாரமாக இறங்கியது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்குச் சொன்னார்கள், கூப்பிட்டதும் போனார்கள், அவ்வளவுதான். பிறகு விளம்பரத்தை நிறுத்தினார்கள். காலம் மறுபடி 15 வாரமாக ஏறிவிட்டது.

பத்து வருடம் கழித்து அதே நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். இந்த முயற்சி நடந்த வட்டாரத்தில் 100-க்கு ஏறக்குறைய 31 பேர், நோய் அடங்கி, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல் விட்டுவிட்ட ஒஸ்லோவிலும் டென்மார்க்கின் ரோஸ்கில்டேயிலும் அப்படி இருந்தவர்கள் 100-க்கு 15 பேர்தான்.

அமெரிக்காவில் 21 மாநிலங்களில் 34 கிளினிக்குகளில் 404 பேரை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. முடிவு 2015-இல் வந்தது. மருந்தோடு குடும்பத்துக்கு விளக்கம், பேச்சுச் சிகிச்சை, படிப்புக்கும் வேலைக்கும் கைகொடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே குழு சேர்த்துக் கொடுத்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். அதிலும், நோய் தொடங்கி 74 வாரத்துக்குள் வந்துவிட்டவர்களுக்குத்தான் பலன் அதிகம். பத்து ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 2,176 பேரின் கணக்கை 2018-இல் பார்த்தபோதும் இப்படிப்பட்ட சேவைகளே எல்லா வகையிலும் மேலாக இருந்தன.

மறுப்பவர்களும் உண்டு, அதையும் சொல்கிறேன். 2020-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு வேறு விளக்கம் கொடுத்தது. சீக்கிரம் வந்தவர் நோயின் முதல் கட்டத்தில் இருப்பார், தாமதித்து வந்தவர் இறங்க வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே இறங்கி முடித்திருப்பார், இரண்டு பேரையும் ஒரே நாளில் அளந்தால் முதலாமவர் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும் என்றது. நியாயமான கேள்விதான். டென்மார்க்கில் 547 பேரை வைத்துச் செய்த ஆய்விலும், இரண்டு வருடம் தீவிரக் கவனிப்பு நடந்தவரை நன்றாக இருந்தார்கள். கவனிப்பு நின்றபின் ஐந்தாம் வருடத்தில் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. ஆகவே சீக்கிரம் தொடங்கினால் மட்டும் போதாது, விடாமல் தொடரவும் வேண்டும்.

இந்த வாதம் எப்படி முடிந்தாலும் எனக்கு ஒன்று தெரியும். அந்த மூன்று வருடம் என் தம்பி பயந்துகொண்டே இருந்தான். ராத்திரியில் கட்டிலுக்கு அடியில் படுப்பான். பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பதை விட்டுவிடுங்கள், அந்தப் பயத்தை ஒரு மாதம் முன்னால் நிறுத்த முடிந்தாலே போதாதா?

நம் நாட்டில் எவ்வளவு தாமதமாகிறது?

மலேசியாவில் மனச்சிதைவு நோயாளிகளுக்கு ஒரு தேசியப் பதிவேடு இருந்தது. அந்தக் கணக்கில் சராசரித் தாமதம் இரண்டு வருடத்துக்கு மேல். எங்கள் மூன்று வருடம் ஊரில் நடக்காத கதை இல்லை.

சிங்கப்பூரில் 2001-இல் ஆரம்பத்திலேயே சிகிச்சை கொடுக்கும் திட்டம் தொடங்கினார்கள். மக்களிடம் பேசினார்கள், பக்கத்துக் கிளினிக் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நடுத்தரத் தாமதம் 12 மாதத்திலிருந்து 4 மாதமாக இறங்கியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் நம்மைப்போலப் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவர்கள்தான். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

செய்வினை என்று சொல்கிறார்கள். கோயிலுக்குப் போகக் கூடாதா?

போகலாம். நானும் முனியாண்டிக்குப் படையல் போட்டு வளர்ந்தவள்தான். கோயிலுக்குப் போய்க்கொண்டே கிளினிக்குக்கும் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் தோட்டத்துச் சாமியாடி, பிறகு ஒரு போமோ என்ற மலாய் மந்திரவாதி, அப்புறம் பினாங்கில் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு தவணை சொன்னார்கள். மூன்று பௌர்ணமி, ஒரு மண்டலம், அடுத்த தைப்பூசம். அப்படித்தான் மூன்று வருடம் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவின் சங்கிலியும் போனது. அது போனால் போகட்டும்.

தமிழ்நாட்டில் கோயிலில் தங்கிக் குணமாக வருகிறவர்களைப் பற்றி 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் வந்து அளந்தார்கள். மருந்து எதுவும் இல்லாமலே அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தன. அங்கே யாரையும் கட்டிப் போடவில்லை, அடிக்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் கூடவே இருந்தார். அமைதியான இடம், கூட ஒரு ஆள், ஒழுங்கான வேலை. இவற்றுக்கு ஒரு பலம் உண்டு. ஆனால் அது போதும் என்று அர்த்தமில்லை.

இதே தமிழ்நாட்டில் தர்கா இருக்கிற ஏர்வாடியும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். யார் கட்டச் சொன்னாலும், அடிக்கச் சொன்னாலும், மிளகாய்ப் புகை போடச் சொன்னாலும், மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் அந்த நிமிடமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பூசாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம்தான் எல்லோரும் முதலில் வருகிறார்கள். திருநீறு பூசிவிட்டு, "நாளைக்கு கிளினிக்குக்கும் போ, சாமி உத்தரவு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

முதலில் எங்கே போவது? நேராகத் தஞ்சோங் ரம்புத்தானா?

அந்தப் பெயரைக் கேட்டாலே நம் ஊரில் பாதிப்பேர் பின்வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் பெயராக அது ஆகிவிட்டது. பஹாகியா என்ற மனநல மருத்துவமனை 1911 முதல் அங்கே இருக்கிறது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. அந்தக் காலத்தில் உள்ளே போனவர்கள் பலர் திரும்பி வராதது உண்மைதான். இப்போது பெரும்பாலோர் வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சேர்த்தாலும் சில வாரம்தான்.

நீங்கள் முதலில் போக வேண்டியது பக்கத்து அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். அங்கே மருத்துவர் பார்த்து, தைராய்டு, வலிப்பு, போதைப்பொருள் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று ரத்தமும் சிறுநீரும் சோதித்து, தேவையானால் நிபுணருக்குக் கடிதம் தருவார். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மென்டாரி என்ற சமூக மனநல மையங்களையும் அரசு நடத்துகிறது. வேலைக்குத் திரும்ப உதவுவதும் அவர்கள் செய்கிற காரியம்.

கடிதத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அப்படி ஒரு வருடம் வைத்திருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

வரமாட்டேன் என்கிறான். இழுத்துக்கொண்டா போவது?

"உனக்கு நோய்" என்று தொடங்கினால் வரமாட்டான். தனக்கு நோய் என்று உணர முடியாமல் இருப்பதே இந்த நோயின் தன்மை. குரல் உண்மையா பொய்யா என்று வழக்காடவும் வேண்டாம். அவனுக்கே தொந்தரவாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ராத்திரி தூக்கமில்லாமல் கஷ்டப்படுகிறாயே ஐயா, அதற்கு ஏதாவது கேட்டு வரலாம் வா." இதில் பொய் இல்லை. அப்பா சொன்னால் கேட்காதவன் தாய்மாமா கூப்பிட்டால் வருவான். யார் சொன்னால் எடுபடும் என்று யோசித்து அனுப்புங்கள்.

கோப்பியில் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் அம்மா செய்தார். கிளாஸ் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததை அவன் விரலால் தொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. விஷம் வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தவனுக்கு அன்று ருசு கிடைத்துவிட்டது. அடுத்த இரண்டு வாரம் கடையில் வாங்கிய ரொட்டியும் பைப்புத் தண்ணீரும்தான்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை என்றால் காத்திருக்க வேண்டாம். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உறவினர் மனுக் கொடுத்து, மருத்துவர் பரிசோதித்துச் சிபாரிசு செய்தால் சம்மதமில்லாமலும் சேர்க்கலாம். ஆபத்தான நேரத்தில் போலீசாரும் சமூகநல அதிகாரியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக அதே சட்டத்தில் இடமுண்டு. போலீசைக் கூப்பிட்டால் குற்றவாளியாக ஆக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். "என் மகன் நோயாளி, சிகிச்சைக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

மாத்திரை வாழ்நாள் முழுக்கவா?

எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். ஆராய்ச்சியாளர்களும் இன்னும் இதில் ஒரே குரலில் பேசவில்லை.

1999-இல் வந்த ஓர் ஆய்வில், முதல்முறை நோய் வந்து தேறியவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 100-க்கு 82 பேருக்கு ஒரு முறையாவது நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால் தொடர வேண்டும் என்றார்கள். 2013-இல் நெதர்லாந்திலிருந்து வேறு மாதிரிச் செய்தி வந்தது. நோய் அடங்கியபின் மருத்துவர் பார்வையில் மருந்தைக் குறைத்தவர்களை ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், 100-க்கு 40 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அது 18. உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு ஹாங்காங் ஆய்வு. ஒரு வருடமாவது நன்றாக இருந்த 178 பேரில் பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரை. ஒரு வருடத்தில் மாவு மாத்திரைக்காரர்களில் 100-க்கு 79 பேருக்கு நோய் திரும்பியது, மருந்து சாப்பிட்டவர்களில் 41 பேருக்கு. பத்து வருடம் கழித்தும் நிறுத்தியவர்களில் 39 சதவிகிதம் மோசமான நிலையில் இருந்தார்கள், தொடர்ந்தவர்களில் 21. 2023-இல் பிரிட்டனில் மெதுவாகக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்விலும், குறைத்தவர்களில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்கள் அதிகம். இரண்டு வருடத்தில் வாழ்க்கை நடத்தும் திறனில் லாபமும் தெரியவில்லை.

இதையெல்லாம் படித்து நான் எடுத்த முடிவு இது. நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போது தானாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று வருடம் ரொம்பவும் கவனம். குறைக்க ஆசை இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. குறைத்தால் அங்குலம் அங்குலமாக, யாராவது ஒருவர் தூக்கத்தைக் கவனித்துக்கொண்டு. தம்பிக்கு இரண்டு முறை நிறுத்திப் பார்த்தோம், இரண்டு முறையும் ஆறு மாதத்துக்குள் கட்டிலுக்கு அடியில் போனான்.

தினமும் மாத்திரை என்பது சுமையாக இருந்தால், மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. தண்டனை ஊசி என்று பயப்படுகிறார்கள். இன்று சாப்பிட்டானா இல்லையா என்ற தினசரிச் சண்டை வீட்டிலிருந்து போய்விடும். அதுவே பெரிய நிம்மதி. இரண்டு மருந்து முறையாகக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் குளோசபின் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ரத்தச் சோதனை அடிக்கடி வேண்டும், ஆனால் மற்றது எதற்கும் அசையாத நோயையும் அசைத்திருக்கிறது.

மாத்திரை சாப்பிட்டுப் பையன் ஊதிவிட்டான்.

உண்மை. சில மருந்துகள் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும், சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள், அதில் இருதய நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. நம் சமூகத்திலோ ஏற்கெனவே வீட்டுக்கு வீடு நீரிழிவு. ஆகவே முதல் நாளே எடையும் இடுப்பளவும் எழுதி வையுங்கள், சர்க்கரை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எடை ஏறினால் வேறு மருந்துக்கு மாற்றலாம், எடையைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையும் கொடுப்பார்கள். சீனி போட்ட தே தாரிக்கையும் குளிர்பானத்தையும் நிறுத்துவது குடும்பம் முழுக்கச் செய்ய வேண்டிய காரியம். அவன் ஒருவனுக்கு மட்டும் சட்டம் போடாதீர்கள்.

கஞ்சாவால் வருமா? ஷாபு?

ஐரோப்பாவில் பல ஊர்களில் எடுத்த கணக்கில், தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். வீரியம் கூடிய கஞ்சா என்றால் இன்னும் அதிகம். ஷாபு, அதாவது மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள், தானே குரலையும் சந்தேகத்தையும் கொண்டுவரும். அவன் போதையில் இருக்கிறான் என்று சொல்லிக் கைவிடுகிறோம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நோய் வருவதற்கு முன்பே தடுக்க முடியாதா?

முயன்று பார்க்கிறார்கள். லேசான அறிகுறி காட்டும் இளைஞர்களைத் தேடிப் பின்தொடர்ந்தால், இரண்டு மூன்று வருடத்தில் நாலைந்து பேரில் ஒருவருக்கு முழு நோய் வருகிறது. மற்றவர்களுக்கு வருவதில்லை. அதனால் எல்லோருக்கும் முன்கூட்டியே மருந்து கொடுப்பது சரியில்லை.

2010-இல் வியன்னாவில் 81 இளைஞர்களுக்கு மூன்று மாதம் மீன் எண்ணெய் கொடுத்தபோது நோய் வருவது வெகுவாகக் குறைந்தது. நானும் படித்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டேன். பிறகு 304 பேரை வைத்துப் பல நாடுகளில் திரும்பச் செய்தார்கள். 2017-இல் முடிவு வந்தது, வித்தியாசம் ஒன்றுமில்லை. விலை கூடிய மீன் எண்ணெயை யாராவது மூளைக்கு நல்லது என்று விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். லேசான அறிகுறி உள்ள பிள்ளைக்குப் பேச்சுச் சிகிச்சை, தூக்கம், கஞ்சாவிலிருந்து விலகல், கூடவே ஒரு மருத்துவரின் கண். இப்போதைக்கு இதுதான் வழி.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா?

சரியாகாது. யாரோ பெற்ற பெண்ணை மருந்தாக நினைக்காதீர்கள். அவன் தேறிய பிறகு, உண்மையைச் சொல்லி, இரண்டு பேரும் சம்மதித்துச் செய்துகொண்டால் அது வேறு. அப்படி நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பரம்பரையாக வருமா?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய பத்து. தொண்ணூறு பேருக்கு வராது. உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவு.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

1976-இல் லண்டனில் வான், லெஃப் என்ற இருவர் ஒரு கணக்குச் சொன்னார்கள். எப்போதும் குறை சொல்லியும், வெறுப்புக் காட்டியும், அல்லது அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தியும் பார்க்கிற வீட்டுக்குத் திரும்பிய நோயாளிகளில் ஒன்பது மாதத்தில் பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. அமைதியான வீட்டுக்குப் போனவர்களில் 100-க்கு 13 பேருக்குத்தான். குடும்பத்தால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படிச் சொல்லி எத்தனையோ தாய்மாரை அழவைத்திருக்கிறார்கள்.

சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும், கனடாவின் மாண்ட்ரியல் மையமும் சேர்ந்து ஒரே மாதிரிச் சிகிச்சையை இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தன. பேச்சுக் குறைவது, ஆசை குறைவது போன்ற அறிகுறிகளில் சென்னைக்காரர்கள் மேலாகத் தேறினார்கள். அங்கே குடும்பம் கூடவே வந்து நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நம்மிடம் பணம் குறைவு, ஆனால் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேர் சேர்ந்து போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது மருந்துக்கு நிகரான உதவி.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். சின்ன வேலையைக் கொடுங்கள், செய்தால் பாராட்டுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் மாற்று ஆள் வேண்டும். எங்கள் அம்மா பதினொரு வருடம் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

செத்துப் போகிறேன் என்கிறான்.

நம்புங்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் 100-க்கு ஏறக்குறைய 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள், நோய் தொடங்கிய முதல் வருடங்களில்தான் ஆபத்து அதிகம். தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் கயிற்றையும் அப்புறப்படுத்துங்கள், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பேச ஆள் வேண்டுமானால் அரசின் 15555 எண் இருக்கிறது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. கேஸ் போடுவார்கள் என்று மறைக்க இனி காரணமில்லை.

உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

என்னோடு இருக்கிறான். மாதம் ஒரு ஊசி. காலையில் கோயில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவான், செம்பருத்தியும் துளசியும் அவன் பொறுப்பு. குரல் முழுசாகப் போகவில்லை, "தூரத்து ரேடியோ மாதிரி" என்கிறான். சமூகநலத் துறையில் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துக் கொடுத்தோம். நீங்களும் கேட்டு எடுங்கள், அதில் வெட்கமில்லை.

டாக்டரைப் பார்க்கும்போது என்ன சொல்வது?

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். தூக்கம் எப்போது கெட்டது, வேலைக்கு எப்போது நின்றான், முதல்முறை தனியாகப் பேசியது எப்போது என்று முடிந்தவரை தேதியோடு எழுதுங்கள். தேதி ஞாபகமில்லை என்றால் தீபாவளிக்கு முன்னா பின்னா, மழைக்காலமா என்றாவது எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே "எப்போதிலிருந்து?" என்பதுதான். 1990-இல் எங்களிடமும் அதைக் கேட்டார்கள். அம்மா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "இப்பத்தான் ஐயா, ஒரு மாசமா" என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நானும் வாயைத் திறக்கவில்லை. கார்டில் ஒரு மாதம் என்றே எழுதினார்கள். நீங்கள் உண்மையான தேதியைச் சொல்லுங்கள்.